துரு தண்ணீருக்கு மேலேதான்

நீச்சல் குளத்து எவர்சில்வர் ஏணியில் துரு பிடித்துவிட்டது என்று கூப்பிடுகிறவர்கள் முதலில் குற்றம் சொல்வது குளத்துத் தண்ணீரைத்தான். போய்ப் பார்த்தால் மூழ்கியிருக்கும் படிகள் பளிச்சென்று இருக்கும். பழுப்புத் திட்டெல்லாம் மேலே, கைப்பிடி வளைவிலும் குழாய் தரைக்குள் இறங்கும் இடத்திலும்தான். குளப் பராமரிப்பில் இத்தனை காலம் இருந்தும், இதை நம்பவைப்பதற்குத்தான் எனக்கு அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

எவர்சில்வருக்குக் காவல், அதன் மேல் தானாகப் படரும் குரோமியம் ஆக்ஸைடு படலம். கீறல் விழுந்தாலும் ஆக்ஸிஜன் கிடைத்தால் அது மறுபடி மூடிக்கொள்ளும். உப்பிலும் குளோரினிலும் இருந்து வரும் குளோரைடு அந்தப் படலத்தை அங்கங்கே துளைக்கும். குளத்துக்குள் குளோரைடின் அளவு ஏறக்குறைய ஒரே சீராக இருக்கும். மேலே தெறித்த துளியோ காய்ந்துபோகும். நீர் போய்விடும், உப்பு தங்கிவிடும். அடுத்த துளி அதன் மேல் இன்னும் கொஞ்சம் சேர்க்கும்.

குழாய் தரையைத் தொடும் இடத்தில் ஒரு வட்ட மூடி இருக்குமே, அழகுக்காகப் போடுவது, அதை நான் எங்கே போனாலும் தூக்கிப் பார்ப்பேன். உள்ளே வெள்ளை உப்புப் பொருக்கு, அதற்கடியில் காபி நிறத்தில் சேறு. துடைத்தால் குண்டூசி முனை அளவில் கருப்புப் புள்ளிகள் தெரியும். வெளியே இவ்வளவுதான் என்று விடக்கூடாது, உள்ளே குடைந்துகொண்டு போயிருக்கும். அந்த இடுக்கில் ஆக்ஸிஜனும் போதாது, படலம் தன்னைச் சரிசெய்துகொள்ள வழியில்லை. மூடியைத் தூக்கி நல்ல தண்ணீர் அடித்துத் துணியால் துடைப்பது வாரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிட வேலை. நான் பார்த்தவரை எந்தப் பூச்சும் பாலிஷும் இதற்கு ஈடாகவில்லை.

துரு தெரிந்ததும் சிலர் இரும்புக் கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பார்கள். அன்றைக்குப் பளபளக்கும். பிரஷ் விட்டுப்போன இரும்புத் துகள் அப்புறம் தன் பங்குக்குத் துருவேறும். நைலான் பிரஷ், சிட்ரிக் அமிலம் கலந்த கிளீனர், பிறகு நிறையத் தண்ணீர் போதும்.

வாங்கும்போது எவர்சில்வரின் ரகத்தைச் சொல்லும் 304, 316 என்ற எண்ணைக் கேளுங்கள். 316-இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் என்ற உலோகம் உண்டு, குளோரைடை அது கூடுதலாகத் தாங்கும். காந்தம் வைத்துச் சோதிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டிலுமே காந்தம் பெரும்பாலும் ஒட்டாது, ஆகவே அந்தச் சோதனை இதற்கு உதவாது. உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கும் குளங்களில் லிட்டருக்கு 3 முதல் 4 கிராம் உப்பு இருக்கும். கடலில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குதான், ஆனாலும் அங்கே 304 போடுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

கூரை போட்ட குளம் என்றால் கதையே வேறு. குளோரின் வியர்வை, சிறுநீரோடு சேர்ந்து உண்டாவது குளோரமின்; அங்கே தண்ணீர் தெறிக்காத உயரத்திலும் அதன் ஆவியும் ஈரமும் போய்ச் சேரும், கழுவவும் ஆள் போவதில்லை. 1985-இல் சுவிட்சர்லாந்தின் உஸ்டர் நகரில் ஓர் உள்ளரங்கக் குளத்தின் கான்கிரீட் உட்கூரை விழுந்து 12 பேர் இறந்தார்கள். அதைத் தாங்கிய எவர்சில்வர் கம்பிகள் இழுவிசையும் குளோரைடும் சேர்ந்ததில் விரிசல் விட்டிருந்தன. ஏணியில் வரும் துரு கண்ணுக்குத் தெரியும். இந்த விரிசல் பெரும்பாலும் தெரியாது. அதனால் தொங்கும் விளக்கு, காற்றுக் குழாய் இவற்றின் பிடிமானங்களை ஏறித்தான் பார்க்க வேண்டும்.

தண்ணீர் அடியோடு நிரபராதி என்றும் சொல்லமாட்டேன். பிஎச் 7.2-க்குக் கீழே போய் அப்படியே கிடந்தால் ஹீட்டருக்குள் இருக்கும் செம்பு கரையும், குளத்துச் சுவரில் நீலப்பச்சைக் கறை தெரியும். மேல்நீரின் குப்பையை இழுக்கும் ஸ்கிம்மரில் குளோரின் மாத்திரையைப் போட்டுவிட்டு மோட்டாரை நிறுத்துவது இன்னும் மோசம். மாத்திரை கரைந்த தண்ணீர் கடும் அமிலம், மோட்டார் ஓடியதும் அது நேரே ஹீட்டருக்குத்தான் போகும்.

பம்ப் ரூமில் நுழைந்ததும் மூலையில் ஆசிட் கேன் இருக்கிறதா என்று பார்ப்பேன். பெரும்பாலும் இருக்கும், மூடி சரியாக இறுகாமல். அதன் புகையில் மோட்டார் போல்ட், பேனல் பெட்டி எல்லாம் துருவேறிக் கிடக்கும். கேனை வெளியே எடுத்து வையுங்கள் என்றால், வைக்க வேறு இடமில்லையே என்பார்கள். சரி, மோட்டாரை வைக்க வேறு இடம் இருக்கிறதா என்று கேட்பேன்.