11 நாள் வெளியூர், 180 லிட்டர் கடல்நீர்

என் கடல்மீன் தொட்டியில், சம்ப்பையும் (தொட்டியோடு இணைந்த துணைத் தொட்டி) சேர்த்து, பாறையும் மணலும் அடைத்த இடம் போக 180 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. இரண்டு கோமாளி மீன், கொஞ்சம் மென்பவளம், பாசி தின்ன நத்தைகள். காலையில் எழுந்ததும் சம்ப்பில் கோடு வரை ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுவது பல் தேய்ப்பதுபோல் பழகிவிட்ட வேலை. 11 நாள் வெளியூர் என்று முடிவானபோதுதான், இதை யார் செய்வது என்ற கேள்வி வந்தது.

முதலில் ஒரு வாரம் அளந்தேன். சம்ப்பில் டேப் ஒட்டி, தினமும் அந்தக் கோட்டுக்கு ஊற்றிய தண்ணீரைக் குறித்துக்கொண்டேன். சராசரி 3.1 லிட்டர். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். 11 நாள் அப்படியே விட்டால் 34 லிட்டர் குறைந்து, 35-ல் (ஆயிரம் பங்கில் 35 பங்கு உப்பு) இருக்கும் உப்பளவு 43-ஐத் தாண்டும். அதற்கு வெகு முன்பே, சம்ப்பிலிருந்து தொட்டிக்குத் தண்ணீரை ஏற்றும் ரிட்டர்ன் பம்ப் காற்றை உறிஞ்சத் தொடங்கியிருக்கும், அது வேறு விஷயம். சம்ப்பின் மேல் காற்றுக்கு இடைவெளி விட்டு ஒரு அக்ரிலிக் தகடு வைத்ததும் 3.1 என்பது 2.4 ஆனது. வலை போட்ட தொட்டியை மூடவில்லை. காற்று பரிமாற்றம் குறைந்தால் பி.எச். இறங்கும்.

அடுத்தது தானாக நிரப்பும் ஏற்பாடு. 20 லிட்டர் கேன், ஒரு சின்ன பம்ப், ஒரு ஃப்ளோட் சுவிட்ச். மட்டம் இறங்கினால் பம்ப் ஓடும், ஏறினால் நிற்கும். அவ்வளவுதான் என்று நினைத்தேன். நல்லவேளை, ஊருக்குப் போகும் முன் ஒத்திகை பார்த்தேன்.

ஒத்திகையின் மூன்றாம் நாள் மாலை வந்து பார்த்தால் சம்ப் விளிம்பை நெருங்கி நிற்கிறது, கேன் கிட்டத்தட்ட காலி. பம்ப் என்னவோ ஒழுங்காகத்தான் நின்றிருந்தது. கேனை ஸ்டூல் மேல் வைத்திருந்தேன், குழாயின் முனை கீழே சம்ப்பில். பம்ப் ஒருமுறை குழாயை நிரப்பிக் கொடுத்த பிறகு, தண்ணீர் சைஃபனாகத் தானே இறங்கிக்கொண்டிருந்தது. முனையைச் சம்ப் தண்ணீருக்கு மேலே தூக்கி வைத்தால் போதும் என்று பலர் சொல்வார்கள். போதாது. அது உப்புத் தண்ணீர் கேனுக்குத் திரும்பி வராமல் காக்கும், அவ்வளவே. கேனின் தண்ணீர் மட்டம் முனையைவிட உயரத்தில் இருக்கும்வரை ஓட்டம் நிற்காது. கேனைத் தரையில் இறக்கி, முனையைக் கேனின் மூடியைவிட உயரத்தில் கட்டினேன். தீர்ந்தது.

அன்று உப்பளவு 32. பதறிப்போய் உப்பைக் கரைத்து ஊற்றப் போனவன் பாதியில் நிறுத்தினேன். உப்பு எங்கேயும் போகவில்லையே! ஒரு சொட்டு கூட வெளியே சிந்தவில்லை, 17 லிட்டர் நல்ல தண்ணீர் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். பம்ப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு வாரம் சும்மா இருந்தேன். ஆவியாகி ஆவியாகித் தானே 35-க்கு வந்து நின்றது. மென்பவளம் மட்டும் இரண்டு நாள் சுருங்கிக் கிடந்தது.

அந்த வாரத்தில்தான் என் பயம் திசை மாறியது. தண்ணீர் குறைந்துவிடுமோ என்று இவ்வளவு நாள் பயந்தேன். நான் இல்லாதபோது கூடிவிட்டால்? ஒரு நத்தை ஃப்ளோட்டின் மேல் ஏறி உட்கார்ந்தால் போதும், பம்ப் நிற்காமல் ஓடும். நத்தைகளுக்கு ஏனோ சுவிட்ச் என்றால் தனிப் பிரியம். அதனால் ஃப்ளோட்டைச் சுற்றி பிளாஸ்டிக் வலை கட்டினேன். அதற்கு இரண்டு சென்டிமீட்டர் மேலே இன்னொரு ஃப்ளோட்டைத் தொடராக இணைத்தேன். கீழே உள்ளது சிக்கிக்கொண்டாலும் மேலே உள்ளது மின்சாரத்தைத் துண்டிக்கும்.

இவற்றையெல்லாம்விட எனக்குத் தைரியம் தந்தது ஒரு டிஜிட்டல் டைமர். வாளியில் பிடித்துப் பார்த்ததில் பம்ப் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் தள்ளியது. நாளைக்கு மூன்று வேளை, வேளைக்கு ஒரு நிமிடம் மட்டும் மின்சாரம் போகும்படி வைத்தேன். இரண்டு ஃப்ளோட்டும் சதி செய்தாலும் ஒரு நாளில் மூன்று லிட்டருக்கு மேல் வராது. ஆவியாவது 2.4. ஆக, எல்லாம் கெட்டுப்போனாலும் தினம் அரை லிட்டர் சொச்சம்தான் அதிகம். பெரிய கேனாக ஒன்று வைத்து நிம்மதியாகப் போகலாமே என்று மனைவி கேட்டாள். அந்த முழுக் கேனும் ஒரே இரவில் இறங்கினால் என்ன ஆகும் என்று ஒருமுறை பார்த்தவன் நான். 20 லிட்டரோடு நிறுத்திக்கொண்டேன். ஆறாம் நாள் தம்பி வந்து நிரப்புவதாக ஏற்பாடு.

தம்பிக்காகச் செய்தது இரண்டே இரண்டு: உப்புத் தண்ணீர் கேனை அவன் கண்ணில் படாத அறையில் வைத்துப் பூட்டினேன். சாப்பாட்டைச் சின்னச் சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்து, அன்றைக்கு அது மட்டும் போதும் என்றேன்.

கிளம்பும் நாளன்று ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். கேன் காலியானால் தாக்குப்பிடிக்கட்டுமே என்று, கொஞ்சம் உப்புத் தண்ணீர் ஊற்றிச் சம்ப் மட்டத்தை ஒரு சென்டிமீட்டர் உயர்த்தி, ஃப்ளோட்டையும் அதற்கேற்ப ஏற்றி வைத்தேன்.

ஆறாம் நாள் தம்பி போன் செய்தான். "அண்ணா, கேன்ல கோடு வரை ஊத்திட்டேன். 17 லிட்டர் பிடிச்சுது." என் கணக்கு பதினாலரை. வெயில் அதிகமாக இருக்கும் என்று சொல்லிவிட்டு விட்டுவிட்டேன்.

திரும்பி வந்தபோது மீன்கள் கண்ணாடிக்கு ஓடி வந்தன. சம்ப் மட்டம் நான் ஏற்றி வைத்த இடத்தில் கச்சிதம். கேனில் ஆறு லிட்டர் போல மீதி. பையைக் கூட இறக்காமல், உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரை எடுத்தேன். 34. கருவியைத் துடைத்து, 35 அளவுத் திரவம் விட்டுச் சரிபார்த்து, மறுபடி எடுத்தேன். அதே 34.

ஸ்கிம்மர் என்பது தண்ணீரிலுள்ள அழுக்கை நுரையாக்கி வெளியே தள்ளும் கருவி. அதன் கழிவுக் கேன் ஐந்து லிட்டர் பிடிக்கும். வழக்கமாக வாரத்துக்குக் கால் லிட்டர் கறுப்புத் தண்ணீர் இருந்தால் அதிகம். அன்று கழுத்து வரை, பால் விடாத டீ நிறத்தில். என் சம்ப்பில் தடுப்பு கிடையாது, ஸ்கிம்மரும் அந்தத் தண்ணீரிலேயே நிற்கிறது. நான் ஏற்றிய ஒரு சென்டிமீட்டரில் அதன் நுரை ஈரமாகி, உப்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளியிருக்கிறது. மட்டம் குறையக் குறைய பம்ப் நல்ல தண்ணீரை ஊற்றி அதை மறைத்திருக்கிறது. ஃப்ளோட்டுக்குத் தெரிந்ததெல்லாம் மட்டம்தான். ஒழுகினாலும் ஆவியானாலும் அதற்கு ஒன்றே. தம்பி சொன்ன அந்த இரண்டரை லிட்டரும் இதுதான்.

180 லிட்டரில் ஐந்து போய் நல்ல தண்ணீர் ஐந்து வந்தால் 35 என்பது 34. கணக்கு அப்படியே பொருந்தியது. இந்த முறை உப்பு நிஜமாகவே வெளியேறிவிட்டதால் காத்திருப்பதில் பயனில்லை. கேனைக் கழற்றிவிட்டு இரண்டு நாள் ஆர்.ஓ. தண்ணீருக்குப் பதிலாக உப்புத் தண்ணீரையே ஊற்றினேன். மூன்றாம் நாள் 35. ஃப்ளோட்டைப் பழைய இடத்துக்கு இறக்கியாயிற்று. கழிவுக்கு இப்போது ஒரு லிட்டர் பாட்டில், அதற்குள் ஒரு ஃப்ளோட்: நிறைந்தால் ஸ்கிம்மர் நின்றுவிடும். அதை நேற்று தண்ணீர் ஊற்றிச் சோதித்தேன், நின்றது. அடுத்த பயணத்துக்கு முன் ஒரு வாரம் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்.