டாக்ரோலிமஸ் சாம்பிள்: நாகர்கோவில் லேப் நாட்குறிப்பு

ஜூன் 10
இடவப்பாதி மழை பிடித்துவிட்டது. மார்த்தாண்டம், குளச்சல் பக்கமிருந்து வரும் குழாய்களில் லேபிள் நனைந்து மை கலைகிறது. பால்பாயின்ட் பேனாவால் எழுதி, மேலே செலோடேப் ஒட்டி அனுப்புங்கள்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் இ.டி.டி.ஏ. போட்ட ஊதா மூடிக் குழாய் மட்டும்தான். சிறுநீரகம் மாற்றியவர்கள் சாப்பிடும் டாக்ரோலிமஸ் மருந்தில் பெரும்பங்கு சிவப்பணுக்களுக்குள் போய்விடும். பிளாஸ்மாவை அளந்தால் அளவு மிகக் குறைவாக வரும். ரத்தத்தைக் காலை மாத்திரைக்கு முன்பே எடுக்க வேண்டும். மாத்திரை போட்ட பிறகு எடுத்தால் அளவு ஏறிக் காட்டும், டாக்டர் வீணாக டோஸைக் குறைப்பார். எடுத்த நேரம் சீட்டில் கட்டாயம் இருக்கட்டும்.

ஜூன் 11
நிறுத்திவைத்த குழாயில் அணுக்கள் அடியில் படிந்திருக்கும். எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்திய பிறகே பிப்பெட் உள்ளே போக வேண்டும். சின்னக் கட்டி தெரிந்தாலும் வேறு ரத்தம் கேளுங்கள்.

50 மைக்ரோலிட்டர் ரத்தம், அதில் 0.1 மோலார் ஜிங்க் சல்ஃபேட் 200 மைக்ரோலிட்டர், நன்றாக வோர்டெக்ஸ் (குலுக்கும் கருவியில் கலக்குவது). அணுக்கள் உடைந்தபின், ஒப்பிட்டு அளக்க உதவும் அஸ்கோமைசின் கலந்த, புரதத்தைத் திரளவைக்கும் கரைப்பானான அசிட்டோநைட்ரைல் 500 மைக்ரோலிட்டர். மறுபடி வோர்டெக்ஸ், 10,000 ஆர்.பி.எம்.மில் 5 நிமிடம் சென்ட்ரிஃபியூஜ், மேலே நிற்கும் தெளிந்த நீர் கருவியில் வைக்கும் வயல் (vial) குப்பிக்கு. வரிசையை மாற்றாதீர்கள். அசிட்டோநைட்ரைல் முதலில் விழுந்தால் ரத்தம் சட்டென்று திரண்டு, மருந்தையும் உள்ளே பூட்டிக்கொள்ளும்.

ஜூன் 13
அதிகம் கெடுவது அந்த 500 மைக்ரோலிட்டரில்தான். அசிட்டோநைட்ரைல் ஆவியாகும் வேகத்தில் பிப்பெட் முனையிலிருந்து தானாகச் சொட்டும். ஒரு சொட்டு வெளியே போனால் அஸ்கோமைசின் குறைகிறது. கணக்கு மருந்துக்கும் அஸ்கோமைசினுக்கும் உள்ள விகிதத்தில் நடப்பதால் நோயாளியின் மருந்து அளவு கூடித் தெரியும். பாட்டிலைத் திறந்தே வைத்தால் நேர் எதிர்: கரைப்பான் ஆவியாகி அஸ்கோமைசின் செறிவு ஏறும், கடைசியில் செய்த சாம்பிள்களெல்லாம் குறைவாக வரும். மின்தடையில் ஏ.சி. நின்ற மதியங்களில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். அதே அசிட்டோநைட்ரைலை மூன்று முறை உறிஞ்சி வெளியே விட்டு, பிப்பெட் முனையான டிப்பின் உட்புறத்தை நனைத்துக்கொள்ளுங்கள், சொட்டுவது நிற்கும். பாட்டிலிலிருந்து தேவையான அளவை மட்டும் சின்னக் குப்பியில் ஊற்றி, ஒவ்வொரு முறையும் மூடுங்கள்.

ஜூன் 14
சென்ட்ரிஃபியூஜ் ஓடும்போது கரண்ட் போனால், வந்தபின் முழு 5 நிமிடமும் மறுபடி சுற்றுங்கள். அரைகுறையாகப் படிந்த துகள், கருவியில் பொருள்களைப் பிரிக்கும் குழாயை (column) அடைக்கும்.

ஜூன் 17
அளவு தெரிந்த மாதிரிகளான காலிப்ரேட்டரும் (அளவுகோல் போட), கியூ.சி.யும் (தரம் சரிபார்க்க) முழு ரத்தத்திலேயே இருக்க வேண்டும், தண்ணீரில் கலக்கியது உதவாது. புரதம் போனாலும் பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பு மிச்சமிருந்து, மருந்தை அளக்கும் மாஸ் ஸ்பெக் (மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்) கருவியில் சிக்னலை அமுக்கும். தண்ணீரில் அந்த அமுக்கம் இல்லை. கியூ.சி. உரிய அளவிலிருந்து விலகுவது 15 சதவீதத்தைத் தாண்டினால் அதே வயலைத் திரும்ப ஏற்றிப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். ரத்தக் குழாயிலிருந்தே மறுபடி தொடங்குங்கள்.