கொலம்பின் என்ற பெயரில் எழுதியவர்

1903 ஆம் ஆண்டு மாட்ரிட் நகரில் தொடங்கப்பட்ட ‘தியாரியோ யுனிவெர்சால்’ நாளிதழ், கார்மென் தெ பூர்கோஸ் என்ற ஆசிரியைக்குப் பெண்களுக்கான ஒரு பத்தியைக் கொடுத்தது. ‘கொலம்பின்’ என்ற புனைபெயரைச் சூட்டியவரும் அப்பத்திரிகையின் பிரதம ஆசிரியரே. ஸ்பெயினில் ஒரு நாளிதழின் ஆசிரியர் குழுவில் தொழில்முறைப் பத்திரிகையாளராகச் சம்பளம் பெற்ற முதற்பெண் என்று இன்று அவரைக் குறிப்பிடுகிறார்கள். எனினும், அன்று அவரிடம் எதிர்பார்க்கப்பட்டவை உடை, அழகுக் குறிப்பு, வீட்டு நிருவாகம் ஆகியவைதான். அவற்றையும் அவர் தட்டாமல் எழுதினார். பிற்காலத்தில் சமையல் நூல்கள்கூட வெளியிட்டார், ஏனென்றால் மகளோடு தனியாக வாழ்ந்த அவருக்கு எழுத்துத்தான் வருமானம்.

அந்தத் தனிமைக்குப் பின்னால் ஒரு கசப்பான திருமணம் இருந்தது. 1867 இல் ஸ்பெயினின் தென்கிழக்கிலுள்ள அல்மேரியாவில் பிறந்து, ரொதல்கிலார் என்ற வறண்ட கரையோரப் பள்ளத்தாக்கில் வளர்ந்த அவர், பதினாறு வயதளவில் தம்மைவிட மூத்த ஒரு பத்திரிகையாளரை மணந்தார். கணவர் குடும்பத்தின் அச்சுக்கூடத்திலேயே பத்திரிகைத் தொழிலின் முதற்பாடங்களைக் கற்றார். பெற்ற பிள்ளைகளுள் ஒரு மகள் மட்டுமே பிழைத்தாள். ஆசிரியப் பரீட்சைகளில் தேறி, 1901 இல் குவாதலஹாரா ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நியமனம் பெற்றதும், அந்தக் கணவரை விட்டு மகளுடன் வெளியேறினார். பிரிந்து வாழலாம், ஆனால் விவாகரத்து இல்லை. மரணம் ஒன்றே திருமணத்தை முறிக்கும் என்பதே அன்றைய ஸ்பானிய சட்டம்.

அவரது திறமை வெளிப்பட்ட இடம் இதுவே என்று நான் நினைக்கிறேன். விவாகரத்து வேண்டும் என்று முழங்கி ஒரு கட்டுரை எழுதியிருந்தால், வேலையிலிருந்து நீக்கிவிட்டு அடுத்த நாளே மறந்திருப்பார்கள். அவரோ தம் பத்தியில் கருத்தறியும் பணியொன்றைத் தொடங்கி, எழுத்தாளர்களிடமும் அரசியல்வாதிகளிடமும் சாதாரண வாசகர்களிடமும் அபிப்பிராயம் கேட்டு, வந்த பதில்களை அச்சிட்டார். 1904 இல் அவை ‘ஸ்பெயினில் விவாகரத்து’ என்ற நூலாயின. பதிலளித்தவர்களுள் பெரும்பாலானோர் ஆதரவாக இருந்ததைக் கண்டு கத்தோலிக்கத் தரப்பு கொதித்தது. 1906 இல் ‘எரால்தோ தெ மாட்ரிட்’ இதழில் பெண்களின் வாக்குரிமை குறித்து இதே முறையில் கேட்டபோது, பெரும்பான்மை எதிராகவே வந்தது. அந்த முடிவையும் மறைக்காமல் வெளியிட்டார். மட்டக்களப்பில் ஊடகக் கற்கை பயிலும் பிள்ளைகளிடம் பேசும்போதெல்லாம் இந்த இரண்டாவது முடிவைத்தான் நான் அழுத்திச் சொல்வதுண்டு.

1909 இல் வட ஆபிரிக்காவின் மெலியாவில் ஸ்பெயின் நடத்திய போரைப் பார்க்கப் பத்திரிகையாளராகச் சென்றார். திரும்பி வந்தபின், போரையே எதிர்த்துப் போரிட வேண்டும் என்று எழுதினார். வெற்றிச் செய்திகளுக்கு அடியில் கிடக்கும் பிணங்களைப் பற்றி ஒரு பெண் எழுதுவது அன்று எத்தனை பேருக்குப் பிடித்திருக்காது என்பதை நம் பகுதி வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

நாவலாசிரியராக அவரை நான் ஒரே தரத்தில் வைக்கவில்லை. வாராந்த மலிவு வெளியீடுகளுக்காக அவசரத்தில் எழுதிய குறுநாவல்கள் பல; அவற்றில் அழுகையும் தற்செயல்களும் மிகுதி. ஆனால் 1921 இல் வெளிவந்த ‘பிரிவு 438’ வேறு வகையைச் சேர்ந்தது. பிறருடன் இருக்கும் மனைவியைக் கையும் களவுமாகக் கண்டு கொல்லும் கணவனுக்கு, குற்றவியற் சட்டத்தின் அப்பிரிவு விதித்த தண்டனை ஊரைவிட்டுச் சில காலம் விலகியிருப்பது மட்டுமே. கணவனைக் கொல்லும் மனைவிக்கு அச்சலுகை இல்லை. மனைவியின் செல்வத்தைக் கரைத்துவிட்டு அந்தப் பிரிவின் நிழலில் ஒதுங்கும் ஒருவனைக் கொண்டு, சட்டம் எவ்வாறு ஆயுதமாகிறது என்பதைக் காட்டினார்.

இக்கதையை எங்கள் மாமியிடம் சொன்னபோது, “என்னகா, காணி உறுதி அவள்ற பேரில இருந்தா அவன் இப்பிடித் துணிவானா?” என்று கேட்டார். தாய்வழிக் குடி மரபும், மகளுக்கே வீடெழுதும் வழக்கமும் உள்ள எங்கள் ஊரில் அக்கேள்வி இயல்பானது. ஆனால் ஸ்பெயினில் சொத்து மனைவியுடையதாக இருந்தாலும், கணவனின் அனுமதியின்றி அதை அவள் விற்கவோ ஈடு வைக்கவோ இயலாது. யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டத்தின்படி, மணமான பெண் தன் காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்பதை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

1921 இல் பெண்களை அணிதிரட்டி, வாக்குரிமை உள்ளிட்ட கோரிக்கைகளுடன் பாராளுமன்ற வாசல் வரை சென்று துண்டுப்பிரசுரம் கொடுத்தார். 1931 இல் குடியரசு அமைந்து வாக்குரிமையும், 1932 மார்ச்சில் விவாகரத்துச் சட்டமும் வந்தன. இலங்கைப் பெண்கள் 1931 ஜூனிலேயே டொனமூர் அரசியற் சீர்திருத்தத்தின் கீழ் வாக்களித்துவிட்டார்கள்; ஸ்பானியப் பெண்களோ பொதுத் தேர்தலில் முதன்முதலாக வாக்களிக்க 1933 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கார்மென் அதற்கு இருக்கவில்லை. 1932 ஒக்டோபரில் மாட்ரிட்டில் ஒரு கலந்துரையாடலின் நடுவே நோயுற்று, அடுத்த நாள் அதிகாலை இறந்தார்.

பிரிவு 438 அந்த ஆண்டு நீக்கப்பட்டது. சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி 1944 இல் அதை வேறு இலக்கத்தில் மீட்டு, 1963 வரை வைத்திருந்தது. அதே ஆட்சி கார்மெனின் நூல்களைத் தடைசெய்தது. தடை நீங்கிய பின்னரும் பலர் அவரை ராமோன் கோமெஸ் தெ லா செர்னா என்ற, அவரைவிட இருபது வயது இளைய எழுத்தாளரின் காதலியாகவே நினைவுகூர்ந்தனர் என்பது எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது. 1928 இல் அல்மேரியாப் பகுதியிலுள்ள நீஹார் அருகே நடந்த ஒரு கொலையை வைத்து கார்மென் எழுதிய ‘கார்னேஷன் மலர்க் குத்துவாள்’ 1931 இல் வந்தது. அதே சம்பவத்திலிருந்து ஸ்பானியக் கவிஞர் லோர்கா எழுதிய நாடகம் 1933 இல் மேடையேறி உலகப் புகழ் பெற்றது. இரண்டையும் சேர்த்து வாசிப்பவர்கள் ஒரு வேறுபாட்டைக் காண்பார்கள்: லோர்காவில் காதலர்களின் ஓட்டம் இரத்தத்தில் முடிகிறது, கார்மெனோ அவர்களைக் குதிரையில் தப்பிப் போக விட்டுவிடுகிறார். தமிழில் யாரேனும் அவரை மொழிபெயர்க்க முன்வந்தால், ‘பிரிவு 438’ ஐ முதலிலும் இதை அடுத்தும் எடுத்துக்கொள்ளலாம்; இரண்டும் குறுநாவல்கள், ஒரே தொகுதியில் அடங்கும்.