அம்மாவும் 90 நாளும்

2026 பெப்ரவரி பள்ளி விடுமுறைக்கு லண்டனிலிருந்து பரிஸில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போக ரிக்கெற் போட்டாயிற்று. அம்மா, மனைவி, பத்து வயது மகன், நான். எல்லாருடைய பாஸ்போட்டையும் எடுத்துப் பார்த்தேன். என்னுடையது 2026 ஓகஸ்ட் வரை செல்லும். சரி என்று திரும்ப லாச்சிக்குள் போட்டுவிட்டேன்.

போவதற்கு ஒன்பது நாள் இருக்கும்போது தங்கச்சி போன் எடுத்தாள். "அண்ணா, முடியிற திகதியை விடு. குடுத்த திகதி என்ன?" 2016 ஜனவரி 12 என்றேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிரெக்ஸிற்றுக்குப் பிறகு, 2021 ஜனவரியிலிருந்து, பிரித்தானியப் பாஸ்போட்டுக்கு ஷெங்கன் நாடுகளில், அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத பிரான்ஸ் போன்ற ஐரோப்பிய நாடுகளில், இரண்டு கணக்கு. உள்ளே போகும் நாளில் அது கொடுத்துப் 10 வருடம் ஆகியிருக்கக் கூடாது. திரும்பும் நாளுக்குப் பிறகும் குறைந்தது 3 மாதம் செல்லவேண்டும். நான் இரண்டாவதை மட்டும்தான் பார்த்திருந்தேன். 2018 செப்ரெம்பர் வரை, முடிவதற்கு முதலே புதுப்பித்தவர்களுக்குப் பழையதில் மிஞ்சிய மாதங்களை, 9 வரை, புதியதோடு சேர்த்துக் கொடுத்தார்கள். எனக்கு அப்படி 7 மாதம் இலாபம். பத்து வருடம் கழித்து அந்த இலாபம் காலை வாரியது: லண்டனில் உயிரோடு இருக்கும் பாஸ்போட், பரிஸைப் பொறுத்தவரை ஜனவரியிலேயே செத்துவிட்டது.

அவசர சேவைக்கு லண்டனில் நேரம் கிடைக்கவில்லை. சாதாரணக் கட்டணத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கட்டி, லீவு போட்டு, பீற்றர்பறோ வரை போய் நீலப் பாஸ்போட்டோடு வந்தேன்.

அடுத்தது அம்மாவின் பெட்டி. நெய், மோர்மிளகாய், ஜன்னலோரச் சாடியில் வளர்த்த கறிவேப்பிலை. இங்கிருந்து இறைச்சியும் பால் சாமானும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக முடியாது; மோர்மிளகாயிலும் தயிர் இருக்கிறதே. இலை, மரக்கறிக்குச் சான்றிதழ் வேண்டும். தேங்காய்க்கு வேண்டாம், கருவாட்டுக்கும் தடையில்லை. "லாச்சப்பலில இல்லாத கறிவேப்பிலையே?" என்று, பரிஸில் தமிழ்க் கடைகள் இருக்கும் தெருவைச் சொல்லித் தங்கச்சி சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை.

பெப்ரவரி 14, பரிஸ் விமான நிலையம். முன்பென்றால் ஐரோப்பியர் வரிசையில் நுழைந்து போய்விடுவோம். இப்போது மற்ற நாட்டவர் வரிசை, ஒன்றேகால் மணித்தியாலம். 2025 ஒக்ரோபர் 12-இல் தொடங்கிய புதுப் பதிவு முறையில் முகத்தைப் படம் எடுத்து, வலது கையின் நாலு விரலையும் பதிகிறார்கள். அதற்குக் காசு கட்டத் தேவையில்லை, பதிவு மூன்று வருடம் இருக்கும். பன்னிரண்டு வயதுக்குக் கீழே விரல் பதிவதில்லை என்றதும் மகனுக்கு முகம் தொங்கிவிட்டது.

அம்மாவின் விரலை இயந்திரம் எடுக்கவில்லை. நாற்பது வருடம் தேங்காய் துருவி, பாத்திரம் கழுவிய விரல், ரேகை தேய்ந்துபோயிருந்தது. சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு வைத்தார். சிவப்பு. திரும்பத் துடைத்தார். சிவப்பு. அதிகாரி எழுந்து அம்மாவின் கைக்கு மேல் தன் கையை வைத்து மெல்ல அழுத்தினார். பச்சை. "மெர்சி, தம்பி" என்றார் அம்மா.

தங்கச்சி ஒரு மாதத்துக்கு முதலே நகரசபையில் 30 யூரோ கட்டி எடுத்து அனுப்பிய, நாங்கள் அவள் வீட்டில் தங்குகிறோம் என்ற தங்குமிடக் கடிதத்தை ஒருவரும் கேட்கவில்லை. எத்தனை நாள் என்று மட்டும் கேட்டார்கள்.

அந்தக் கேள்விதான் அம்மாவுக்குப் பிரச்சினை. முந்தி மகள் வீட்டில் விருப்பம்போல இருந்துவிட்டு வருவார், யாரும் எண்ணியதில்லை. இப்போது எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் ஷெங்கன் நாடுகளில் 90 நாளுக்கு மேல் இருக்க முடியாது. வந்த நாளும் போகும் நாளும் சேர்த்தி. பாஸ்போட்டில் முத்திரையைத் தேடிக் கூட்டிப் பார்த்த காலத்தில் தவறவிட்டிருப்பார்கள். கணினி தவறவிடாது.

நாங்கள் மூவரும் ஒரு கிழமையில் திரும்பிவிட்டோம், அம்மா அங்கேயே நின்றுவிட்டார். தங்கச்சி குசினிக் கலண்டரில் அம்மாவின் 90-ஆவது நாளான மே 14-ஐச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறாள். அவளுடைய மகளின் அரங்கேற்றம் மே 16.

"ரெண்டு நாள்தானே, ஆர் பாக்கப்போறான்?" என்கிறார் அம்மா. ஏப்ரலில் ஒரு பத்து நாள் லண்டன் வந்துவிட்டுப் போனால் அந்த நாட்கள் கணக்கில் ஏறாது, அரங்கேற்றமும் பார்க்கலாம் என்று விளங்கப்படுத்தினேன்.

"அப்ப வரேக்க அந்த நெய்ப் போத்தலை..." என்று தொடங்கினார்.