சுவீட் கோர்னை வாளியில் ஊறப்போட்ட கதை

நிலாவெளியில் வெங்காயம் வைக்கும் எங்கள் துண்டுக் காணியில் போன ஐப்பசி முதல் தடவையாகச் சுவீட் கோர்ன் போட்டேன். கடற்கரைக்கு வருகிற சனத்துக்கு அவித்த கோர்ன் நல்லாகப் போகும், அந்த ஆசைதான்.

சோளனை அம்மா இரவு ஊறப்போட்டு விடிய ஊன்றுவா. நானும் அப்படியே வாளியில் கொட்டினேன். காலையில் பார்த்தால் தண்ணீர் சர்பத் மாதிரி ரோஸ் நிறம். கையை விட்டால் பிசுபிசுப்பு. அதை வாழையடியில் ஊற்றிவிட்டு நூறு குழியில் ஊன்றினேன். பின்னேரமே மழை பிடித்துக்கொண்டது. பத்தாம் நாள் எண்ணினால் முளைத்தது 31. வராத குழியொன்றை விரலால் கிளறினேன்: தோல், உள்ளே கூழ், மேலே வெள்ளைப் பூஞ்சணம், புளித்த மணம்.

"ஊறப் போட்டீங்களா தம்பி?" விவசாயப் போதனாசிரியரின் முதல் கேள்வியே அதுதான்.

பைக்கற்றில் மிஞ்சிய விதையொன்றை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். வற்றிச் சுருங்கியிருந்தது. மற்றச் சோளனில் மாவாகிற சீனி இதில் பெரும்பாலும் சீனியாகவே நின்றுவிடுமாம். முளைக்குக் கட்டுச்சோறு குறைவு. தோலும் மெல்லிசு. காய்ந்த விதை ஒரேயடியாகத் தண்ணீர் குடித்தால் உள்ளே சிதைந்து சீனி கசியும். மண்ணிலுள்ள பங்கசுக்கு அதுவே விருந்து. ரோஸ் நிறம், கம்பனி பூசி அனுப்பிய பங்கசு நாசினி. காசு கொடுத்து வாங்கிய மருந்தை நான் வாழைக்கு வார்த்திருக்கிறேன்!

தை பிறந்து மழை விட்டதும் புதுப் பைக்கற். முதலில் 20 விதையை ஈரச் சாரத் துண்டில் சுருட்டி வைத்துப் பார்த்தேன், 18 முளைத்தது. பிறகு, விதை மெல்ல மெல்ல ஈரம் இழுக்கட்டும் என்று தேங்காய்த் தும்புத்தூளை நனைத்துப் பிழிந்தேன். கையில் ஈரம் தெரிய வேண்டும், சொட்டு விழக்கூடாது. அதில் நூறு விதையைக் கலந்து இரவு முழுக்க நிழலில் வைத்தேன். விடியச் சலித்து, கடதாசியில் உலர்த்தி, தூளோடு போன மருந்துக்கு ஈடாகப் போதனாசிரியர் சொன்ன அளவில் தைரம் என்ற பங்கசு நாசினித் தூள் பிரட்டி, கையுறையோடு ஓரங்குல ஆழத்தில் ஊன்றினேன். பக்கத்துப் பாத்தியில் நூறு விதை பைக்கற்றில் இருந்தபடியே.

தும்புத்தூள் விதை நாலாம் நாள் தலை காட்டி, 92 வந்தது. சும்மா போட்டது ஆறாம் நாள்தான், 81. உண்மையைச் சொன்னால் பெரிய லாபம் வாளியை விட்டதில்தான். தும்புத்தூளால் எல்லாம் ஒரே நேரத்தில் வந்தன, பொத்தியும் ஒரே கிழமையில் முறிக்க முடிந்தது. முதல் தடவை தப்பிய 31உம் முந்திப் பிந்தி முற்றியதில் விற்க வழியில்லாமல் வீட்டிலேயே அவித்துத் தின்றோம்.