காரைக்குடியில் பெண்களின் வரலாற்றைத் தேடி ஒரு நடை

செட்டிநாட்டு வீடுகளைச் சுற்றிக்காட்டுவோர் பர்மாத் தேக்கையும் ஆத்தங்குடிக் கல்லையும் பற்றியே பேசி முடித்துவிடுவது வழக்கம். அந்த வீடுகளில் வாழ்ந்த பெண்களை மட்டுமே பேசுபொருளாகக் கொண்ட ஒரு நடை காரைக்குடியில் நடந்ததும், அதில் நானும் கலந்துகொண்டதும் மிகுந்த நிறைவைத் தந்தன.

கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து வணிகம் செய்யப் போன செட்டியார் ஆண்கள் பர்மா, மலேயா, இலங்கை என ஆண்டுக்கணக்கில் தங்கிவிட்ட காலத்தில், வீட்டின் முன்பகுதியான முகப்பும் பட்டாலையும் அவர்களுடைய பெருமையைப் பேசினாலும், நெல், எண்ணெய், சீர், செய்முறை, பிள்ளைப்பேறு என அனைத்தையும் உள்கட்டுகளிலிருந்து நடத்தியவர்கள் ஆச்சிமார்கள் எனப்படும் செட்டிநாட்டுப் பெண்களே. மணமான மகனையும் மருமகளையும் ஒரே வளவுக்குள் (வீட்டுக்குள்) வேறு வைக்கும், அதாவது தனிக்குடித்தனம் வைக்கும் வழக்கத்தால், இளம் மருமகள்கூடத் தனி அடுப்புக்கும் தனி வரவுசெலவுக்கும் பொறுப்பேற்றாள். சீதனப் பணத்தை வட்டிக்கு விட்டுப் பெருக்கிய ஆச்சிமாரும் உண்டு. (வட்டிக் கணக்கு ஆண்களுக்கு மட்டுமே உரிய கலை என்று யார் சொன்னது?)

என்னை அதிகம் ஈர்த்தது மரகதவல்லி அம்மையாரின் வாழ்க்கைதான். கைம்பெண்ணாக இருந்த அவரைச் சீர்திருத்தவாதி சொ. முருகப்பா மணந்துகொண்டார், பின்னர் 1930களில் இருவரும் கைம்பெண் மறுமணத்துக்காகச் சங்கம் நடத்தியதோடு, ‘மாதர் மறுமணம்’ என்ற இதழையும் வெளியிட்டார்கள். ஊர்க்கட்டுப்பாடு மிகுந்த அக்காலத்தில் அது எளிய செயலன்று.

ஆனால், அந்த வீடுகளில் வேலை செய்த பெண்களையும், கண்டாங்கிச் சேலை நெசவுக்கு நூல் சுற்றித் தந்த பெண்களையும் ஓரிரு வரிகளில் கடந்துவிட்டார்கள். அடுத்த முறை நெசவாளர் தெருவையும் சேர்க்கும்படி ஏற்பாட்டாளர்களிடம் கேட்டிருக்கிறேன்.