சொட்டும் பாவாடையும் எக்ஸ்டென்ஷன் பெட்டியும்

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் எங்கள் சென்னை வீட்டுக் கூடம் முழுக்கத் துணிக்கொடிதான். போன வருடம் ஓர் இரவு, மகளின் சீருடை காயவில்லையே என்று நாற்காலியில் விரித்து, டேபிள் ஃபேனைப் பக்கத்திலேயே ஓடவிட்டுப் படுத்துவிட்டேன். பாவாடை நுனியிலிருந்து சொட்டிய நீர், தரையில் கிடந்த எக்ஸ்டென்ஷன் பெட்டிவரை மெல்ல ஊர்ந்திருக்கிறது. நள்ளிரவில் வீடே இருண்டது. டார்ச் அடித்துப் பார்த்தால், ஆர்சிசிபி சுவிட்ச் தானாக அணைந்திருந்தது.

30 மில்லிஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை வெட்டிவிடும் கருவி அது. அது இல்லாதிருந்தால், விடிந்ததும் வெறுங்காலோடு அந்த ஈரத்தில் நின்றிருப்பவள் என் மகள். இன்றைக்கும் நினைத்தால் வயிறு கலங்குகிறது. மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பொத்தானைத் தவறாமல் அழுத்திப் பார்க்கிறேன்.

இப்போது ஃபேன் சுவர் பிளக்கிலிருந்து நேராக ஓடுகிறது. துணி நன்றாகத் தள்ளியே தொங்கும். தரையில் ஒயரே கிடையாது. ஜன்னல் ஒரு சாண் திறந்திருக்கும். ஈரக்காற்று வெளியேறாவிட்டால் எத்தனை ஃபேன் சுற்றியும் பயனில்லை.

ரூம் ஹீட்டர் வாங்கலாம் என்றார் வீட்டுக்காரர். 2000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் 9 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக இழுக்கும். கூடத்தில் இருப்பதோ 6 ஆம்பியர் பிளக். கண்டிப்பாக வேண்டாம் என்றேன்.

பாவாடையில் இடுப்புப் பட்டிதான் கடைசியில் காயும். அதை உலர்ந்த துண்டில் சுருட்டி முழங்காலால் அழுத்தினால், பாதி ஈரம் துண்டோடு போய்விடுகிறது.